வயற்காற்றை லேசர் ஒளியால் அளத்தல்

குடியானவன் தன் நிலத்துக்குள் கொண்டுவருவதையெல்லாம் அளந்தே கொண்டுவருகிறான். விதை படிக்கணக்கிலும், உரம் மூட்டைக் கணக்கிலும் வருகின்றன. ஜலத்துக்கு மடை திறந்த நேரமே கணக்கு. அறுவடை ஆனபின் நெல் தூற்றி அளக்கப்படுகிறது. வைக்கோலும் கட்டுக் கட்டாக எண்ணப்படுகிறது. ஆயினும் இந்த வரவுக்கும் செலவுக்கும் நடுவே, எந்தக் கணக்கிலும் ஏறாமல் காற்றோடு போய்விடும் ஒரு பங்கு உண்டு. இட்ட யூரியாவில் ஒரு பாகம் அம்மோனியாவாகப் பறக்கிறது. தண்ணீர் நிற்கும் வயலின் சேற்றிலிருந்து மீத்தேன் என்னும் சதுப்பு வாயு எழும்புகிறது. பசு தின்ற தீவனத்தில் ஒரு பங்கும் அதே மீத்தேனாக அதன் வாய்வழியே வெளியேறுகிறது. நிலம் காய்ந்தும் நனைந்தும் மாறும்போது நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற மற்றொரு வாயு தோன்றுகிறது. இவற்றுள் அம்மோனியாவை மட்டும் மூக்கு ஒருவாறு அறியும். மற்ற இரண்டிற்கும் நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இந்த வாயுக்களை இப்பொழுது ஒளியைக் கொண்டு அளக்கிறார்கள். இதற்கு உபயோகமாகும் ஒளி லேசர் எனப்படும். இம்முறை சென்ற முப்பது வருஷங்களில் பெரிதும் அபிவிருத்தி அடைந்து, ஆராய்ச்சிசாலையின் மேஜையைவிட்டு வயல்வரப்புக்கே வந்துவிட்டது. இவ்வளவுகளைக் கொண்டு உரமிடும் வழக்கமும் நீர் கட்டும் வழக்கமும் மாற்றி அமைக்கப்படுகின்றன. அன்றியும், மீத்தேனைக் குறைத்ததற்காகக் குடியானவருக்குப் பணம் தருவதாகச் சொல்லும் ஏற்பாடுகளும் பல நாடுகளில் தோன்றியுள்ளன. ஆகவே இவ்வளவு எவ்வாறு எடுக்கப்படுகிறது, எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை விவசாயிகள் அறிந்திருப்பது அவசியம்.

பழைய முறையும் அதன் குறையும்

வயலிலிருந்து எழும் வாயுவை அளக்க நெடுங்காலமாக வழங்கிவரும் முறை பெட்டி கவிழ்க்கும் முறையாகும். அடியில்லாத ஒரு பெட்டியை நாற்றுக் குத்துகளின்மேல் கவிழ்த்து, விளிம்பை ஜலத்தில் அமிழ்த்தி, பத்துப் பதினைந்து நிமிஷங்களுக்கு ஒரு முறை உள்ளிருக்கும் காற்றை ஊசிக்குழாயால் உறிஞ்சிச் சிறு குப்பிகளில் அடைத்து, ஆராய்ச்சிசாலைக்கு அனுப்பிப் பரிசோதிப்பார்கள். பெட்டிக்குள் வாயு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதிலிருந்து நிலம் எவ்வளவு வெளிவிடுகிறது என்று கணக்கிடுவார்கள்.

இம்முறை செலவு குறைந்தது. இன்றும் பல இடங்களில் இதுவே நடைபெறுகிறது. இதை இகழ்வதற்கில்லை. ஆனால் பெட்டி மூடுவது ஒரு சதுர மீட்டர் அல்லது அதற்கும் குறைவான நிலமே. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, பெரும்பாலும் காலை வேளையில், ஆள் போகக்கூடிய நேரத்தில்தான் அளவு எடுக்கப்படும். இரவில் என்ன நடந்தது, மழை பெய்த மறுமணி நேரத்தில் என்ன நடந்தது என்பது தெரியாது. முக்கியமாக, நீரை வடிக்கும்போது சேற்றில் அடைபட்டிருந்த மீத்தேன் ஒரேயடியாக வெளிவருவது உண்டு. அந்த நாளில் பெட்டி கவிழ்க்கப்படாவிட்டால் அந்தப் பங்கு கணக்கில் சேராமலே போய்விடும். பெட்டியைக் கவிழ்க்க வருகிறவர் சேற்றில் மிதித்தாலே குமிழிகள் எழும்பி அளவைக் கெடுத்துவிடும் என்பதால், முன்னதாகவே பலகை போட்டு நடைபாதை அமைத்துக்கொள்வது வழக்கம்.

வாயுவும் ஒளியும்

லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜான் டிண்டால் என்னும் விஞ்ஞானி 1859-ல் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். நீண்ட பித்தளைக் குழாய் ஒன்றில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி, ஒரு முனையிலிருந்து உஷ்ணக் கதிர்களைச் செலுத்தி, மறு முனையில் எவ்வளவு வந்து சேருகிறது என்று பார்த்தார். பிராணவாயுவும் நைட்ரஜனும் கதிரை ஏறக்குறைய முழுவதும் விட்டுவிட்டன. நீராவியும் கரியமிலவாயுவும் மற்றும் பல வாயுக்களும் அதில் ஒரு பங்கைக் குடித்துவிட்டன. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெளிவாகத் தோன்றும் வாயுக்கள், கண்ணுக்குத் தெரியாத கதிரின் முன் ஒன்றுக்கொன்று வேறாயிருப்பது இவ்வாறு விளங்கியது.

இதன் காரணம் பின்னால் தெரியவந்தது. ஒவ்வொரு வாயுவின் மூலக்கூறும் தனக்கென்று ஏற்பட்ட சில அதிர்வுகளை மட்டுமே அதிரும். அந்த அதிர்வுக்குப் பொருந்திய அலைநீளமுள்ள ஒளி வந்தால் அதை ஏற்றுக்கொள்ளும். வேறு ஒளியை விட்டுவிடும். வீணையில் ஒரு தந்தியை மீட்டினால் அதே சுருதியில் கட்டிய மற்றொரு தந்தி தானே அதிர்வதும், பக்கத்துத் தந்தி சும்மா இருப்பதும் எல்லோரும் கண்டதே. மீத்தேன் 3.3 மைக்ரான் அளவுள்ள அலைநீளத்தில் ஒளியை மிகுதியாகக் குடிக்கும், 7.8 மைக்ரான் பக்கத்திலும் குடிக்கும், 1.65 மைக்ரானில் சிறிது குடிக்கும். அம்மோனியாவுக்குப் பத்து மைக்ரானை ஒட்டிய இடம். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வொளிகள் யாவும் சிவப்புக்கு அப்பாற்பட்டவை, கண்ணுக்குப் புலப்படா.

சாதாரண விளக்கின் ஒளியில் எல்லா அலைநீளங்களும் கலந்திருக்கின்றன. அதைக் கொண்டு வாயுவை அளப்பது, சந்தை இரைச்சலின் நடுவே ஒருவர் குரலைக் கேட்பது போன்றது. அளவு அதிகமானால் கேட்கும். வயற்காற்றில் உள்ளதுபோல் சொற்பமானால் கேட்காது. காற்றில் மீத்தேன் பத்து லக்ஷம் பங்கில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே இருக்கிறது. நைட்ரஸ் ஆக்ஸைடோ நூறு கோடிப் பங்கில் 340-ஐ ஒட்டிய அளவே. அது பத்துப் பங்கு கூடினதா குறைந்ததா என்று அறிய ஒரே அலைநீளமுள்ள ஒளி வேண்டும்.

அத்தகைய ஒளி 1960-ல் கிடைத்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் தியோடோர் மெய்மன் என்பவர் மாணிக்கக் கோலிலிருந்து முதல் லேசரை உண்டாக்கினார். இரண்டு வருஷங்களில், 1962-ல், அரிசி மணியைவிடச் சிறிய குறைகடத்தித் துண்டிலிருந்தும் லேசர் ஒளி எடுக்கப்பட்டது. இந்தச் சிறு துண்டில் ஒரு விசேஷம் உண்டு. அதில் பாயும் மின்சாரத்தைச் சிறிது கூட்டினாலும் குறைத்தாலும் ஒளியின் அலைநீளம் மிக நுட்பமாக நகரும். சுருதிப்பெட்டியின் கட்டையைத் திருகுவதுபோல, வாயு குடிக்கும் இடத்துக்குச் சற்று இப்பாலிருந்து சற்று அப்பால்வரை ஒளியை ஒரு வினாடியில் பல ஆயிரம் தடவை ஓட்டலாம். குடிக்கும் இடத்தில் ஒளி குறைகிறது. இரு பக்கமும் குறைவதில்லை. தூசியோ பனியோ ஒளியைத் தடுத்தால் எல்லா இடத்திலும் ஒன்றுபோலக் குறையும். ஆகவே வாயுவால் வந்த குறைவு எது, தூசியால் வந்தது எது என்று பிரித்தறிய இயலும். வயலில் வைக்கும் யந்திரத்துக்கு இதைவிடப் பெரிய அனுகூலம் வேறில்லை.

ஆனால் மீத்தேனும் அம்மோனியாவும் நன்கு குடிக்கும் நீண்ட அலைநீளங்களை அளித்த பழைய குறைகடத்தி லேசர்களைத் திரவ நைட்ரஜனில் குளிரவைக்க வேண்டியிருந்தது. அதன் உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழ் 196 டிகிரி. அதைச் சுமந்துகொண்டு வரப்பில் நடப்பது எளிதன்று. இந்தக் கஷ்டம் இரண்டு வழிகளில் நீங்கியது. தொலைபேசிக் கண்ணாடி இழைகளுக்காக 1.3 முதல் 1.65 மைக்ரான் வரையுள்ள லேசர்கள் ஏராளமாகச் செய்யப்பட்டு, விலையும் குறைந்தன. இவை சாதாரண உஷ்ணநிலையிலேயே வேலை செய்யும். மற்றொரு வழி, 1994-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிசாலையில் ஃபெடரிகோ கபாஸோ, ஜெரோம் ஃபைஸ்ட் முதலியோர் செய்துகாட்டிய குவாண்டம் காஸ்கேடு லேசர் என்பது. அதில் மின்துகள் படிக்கட்டில் இறங்குவதுபோல் அடுக்கடுக்காய் இறங்கி, ஒவ்வொரு படியிலும் ஒளியை விடுகிறது. படியின் உயரத்தை மாற்றிக் கட்டினால் அலைநீளம் மாறும். 2002-ல் இது குளிரூட்டும் திரவம் இல்லாமலே இடைவிடாது ஒளிவிடும்படி செய்யப்பட்டது. வயலுக்கு உரிய யந்திரங்கள் பெருகியது இதன் பிறகே.

ஒளியின் வழியை நீட்டுதல்

ஒளி எவ்வளவு தூரம் வாயுவினூடே செல்கிறதோ அவ்வளவுக்கு அதிகமாகக் குடிக்கப்படும். சொற்ப வாயுவை அறிய வேண்டுமானால் வழி நீளமாயிருக்க வேண்டும். வயலின் இக்கரையில் லேசரையும் அக்கரையில் ஒளியைத் திருப்பியனுப்பும் கண்ணாடியையும் நிறுத்தி, நூறு மீட்டர் அல்லது அதற்கு மேலும் வழி உண்டாக்குவது ஒரு முறை. சிறிய கருவிக்குள் இரண்டு குழிக்கண்ணாடிகளை எதிரெதிரே வைத்து, ஒளியை நூறு தடவைபோல முன்னும் பின்னும் ஓடச் செய்வது மற்றொரு முறை. இதற்கு வேண்டிய கண்ணாடி அமைப்பு ஒன்றை ஜான் ஒயிட் 1942-லும், வேறொன்றை டொனால்ட் ஹெரியட் 1960-களிலும் வகுத்தார்கள்.

1988-ல் ஓகீஃப், டீகன் என்னும் இருவர் அமெரிக்காவில் காட்டிய முறை இன்னும் நுட்பமானது. ஒரு லக்ஷத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் இழக்கும் கண்ணாடிகள் இரண்டை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்ததாகக் கொள்வோம். உள்ளே புகுந்த ஒளி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத் தேய்வதற்குள் 25 கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. இதற்கு ஆகும் காலம் ஒரு வினாடியில் பன்னீராயிரத்தில் ஒரு பங்கு. உள்ளே வாயு இருந்தால் ஒளி அதைவிட விரைவில் தேயும். கோயில் மணியை அடித்தபின் நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பதுபோல, ஒளி தேயும் காலத்தை மட்டும் அளந்தால் போதும். மணியைப் பலமாக அடித்தாலும் மெதுவாக அடித்தாலும் நாதம் தேயும் விதம் ஒன்றே. ஆகையால் லேசரின் ஒளி சற்றுக் கூடக் குறைய இருந்தாலும் அளவு பிழைபடாது.

ஒளியைப் பார்க்காமல் சப்தத்தைக் கேட்டு அளக்கும் முறையும் உண்டு. விட்டு விட்டு ஒளியைப் பாய்ச்சினால், குடித்த வாயு சூடேறி விரிந்தும் ஆறிச் சுருங்கியும் மெல்லிய ஓசை எழுப்பும். பொருள்கள் இவ்வாறு ஓசையிடுவதை 1880-ல் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் கண்டார். டிண்டால் மறு வருஷமே வாயுக்களில் இதைச் சோதித்தார். ஏறக்குறைய நூற்றிருபது வருஷங்களுக்குப் பின், 2002-ல், அமெரிக்காவில் ரைஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் கைக்கடிகாரத்தில் உள்ள சிறு படிகக் கவையையே காதாக வைத்து இந்த ஓசையைக் கேட்டார்கள். அக்கவை வினாடிக்கு 32,768 தடவை அதிரும், விலையும் அற்பம். வெளியிரைச்சல் அதை அவ்வளவாக அசைப்பதில்லை.

நெல்வயலில் கண்டவை

கருவி காட்டுவது காற்றில் வாயு எவ்வளவு உள்ளது என்பதையே. நிலம் எவ்வளவு வெளிவிட்டது என்பது வேறு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றென்று கொள்வது பெரும் பிழை. காற்று அசையாத இரவில் சிறிதளவு வாயுவும் வயலின்மேல் தேங்கி அதிகமாகத் தோன்றும். காற்று வீசும் பகலில் மிகுந்த வாயுவும் சிதறிக் குறைவாகத் தோன்றும்.

இதைத் தீர்க்க, வயல் நடுவே இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு கம்பத்தை நாட்டி, அதில் லேசர் கருவியுடன் காற்றின் மேல்கீழ் ஓட்டத்தை அறியும் கருவியையும் சேர்த்து வைக்கிறார்கள். இரண்டும் வினாடிக்குப் பத்து அல்லது இருபது தடவை அளவு எடுக்கின்றன. காற்று நேராக ஓடுவதில்லை. சுழல் சுழலாகப் புரண்டு செல்கிறது. மேலே போகும் சுழலில் உள்ள மீத்தேனிலிருந்து கீழே வரும் சுழலில் உள்ளதைக் கழித்தால், நிலம் கொடுத்தது தெரியும். திருவிழாத் திடலின் வாசலில் நின்று, போகிறவர்களையும் வருகிறவர்களையும் தனித்தனியே எண்ணிக் கழிப்பதற்கு இது ஒப்பாகும். அரைமணி நேரத்துக்கு ஒரு கணக்கு. இரவும் பகலும், நாற்று நட்டது முதல் அறுவடை வரையில். பெட்டி கவிழ்த்தால் ஒரு சதுர மீட்டர். இங்கே காற்று வரும் திசையில் நூறு மீட்டரும் அதற்கு மேலும் உள்ள நிலம் முழுவதும் ஒரே கணக்கில் அடங்கும். லேசர் இல்லாமல் இது கூடாத காரியம். ஏனெனில் வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் வாயுவை அளக்கவல்ல வேறு சாதனம் குறைவு.

கலிபோர்னியாவில் சாக்ரமென்டோ, சான் வாக்கின் என்னும் இரு நதிகள் கூடும் இடத்தில் ட்விட்செல் தீவு என்ற தாழ்ந்த பூமி உண்டு. மக்கிய தாவரங்களால் ஆன கரிய மண். அதை வடித்து நெடுங்காலம் பயிரிட்டதால் மண் காற்றுப்பட்டு எரிவதுபோல் அழிந்து, நிலமட்டம் கடல்மட்டத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மீண்டும் தண்ணீரைக் கட்டினால் மண் அழிவது நிற்கும் என்று கருதி அங்கே நெல் பயிரிட்டார்கள். தண்ணீர் கட்டினால் மீத்தேன் கிளம்பும் என்பதும் தெரிந்ததே. ஆகையால் பெர்க்லி சர்வகலாசாலையார் கம்பம் நாட்டி இரண்டையும் அளந்து வந்தார்கள். 2012-ல் வெளியான அவர்கள் ஆராய்ச்சியில் எதிர்பாராத ஒரு விஷயம் தெரியவந்தது. மீத்தேன் வெளிவருவது பகலில் ஏறி இரவில் இறங்குகிறது. மண்ணின் சூடுதான் காரணம் என்று முன்பு எண்ணப்பட்டிருந்தது. அளவுகளை நெருங்கிப் பார்த்தால், இலைகள் வெயிலில் உணவு தயாரிக்கும் வேகம் ஏறுகிறது. அதற்குச் சற்றுப் பின்னால் மீத்தேன் ஏறுகிறது. அதாவது பயிர் அன்று சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கு வேர்வழியாகச் சேற்றில் கசிந்து, அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு இரையாகி, மீத்தேனாக மாறுகிறது. அந்த வாயு திரும்பவும் நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றுக்குழல் வழியாகவே பெரும்பாலும் வெளியேறுகிறது. வாரத்துக்கொரு தரம் பெட்டி கவிழ்த்தால் இந்த ஏற்ற இறக்கம் தெரிந்திருக்க வழியில்லை.

பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸ் என்னும் ஊரிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களிலும் இத்தகைய கம்பங்கள் நாட்டி மீத்தேன் அளக்கப்பட்டிருக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறையைத் துளையிட்ட குழாயுடன் பரப்பியதும் அந்நிலையமே. வயலில் புதைத்த குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியபின் மறுபடி பாய்ச்சுவது இதன் விதி. பூக்கும் தருணத்தில் மட்டும் நீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் திருந்திய நெல் சாகுபடி செய்வோர் இதை நன்கறிவார்கள். தேசங்களின் வாயுக்கணக்குக்காக 2019-ல் திருத்தி வெளியிடப்பட்ட சர்வதேச விதிகளில், எப்பொழுதும் நீர் நிற்கும் வயலின் மீத்தேன் 100 என்றால், நடுவில் ஒருமுறை வடித்த வயலுக்கு 71, பலமுறை வடித்ததற்கு 55 என்று கொள்ளப்பட்டிருக்கிறது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. நிலம் காய்ந்து காற்றுப் புகும்போது நைட்ரஸ் ஆக்ஸைடு தோன்றுகிறது. நிறைக்கு நிறை பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் நூறு வருஷக் கணக்கில் மீத்தேன் கரியமிலவாயுவைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு; நைட்ரஸ் ஆக்ஸைடோ 270 மடங்குக்கு மேல். ஆகவே மீத்தேனை மாத்திரம் அளந்து லாபம் என்பது பாதிக் கணக்கு. யூரியாவைத் தூவி உடனே வயலைக் காயவிட்டால் ஒரு பக்கம் சேர்த்தது மறு பக்கம் கரையக்கூடும். நல்லவேளையாக 7.8 மைக்ரான் பக்கத்தில் இவ்விரண்டு வாயுக்களின் இடங்களும் அருகருகே அமைந்திருப்பதால், ஒரே குவாண்டம் காஸ்கேடு லேசர் இரண்டையும் மாறி மாறி அளக்கிறது.

தழையுரம் இடுவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடவுக்குச் சற்று முன்பாக வைக்கோலையோ பசுந்தாளையோ சேற்றில் மிதித்தால் மீத்தேன் பெருகுகிறது. வைக்கோலை நடவுக்கு 30 நாட்களுக்கு முன்னரே மண்ணில் சேர்த்தால், மேற்படி சர்வதேச விதிகளின்படி அதன் பாதிப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. நன்கு மக்கிய எருவுக்கும் அவ்வாறே. பசுந்தாள் உரத்தைக் கைவிட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். மண்ணுக்கு அது செய்யும் நன்மையை மறுப்பவர் யாருமில்லை. மடக்கி உழும் காலத்தைப் பற்றிய விஷயமே இது.

அம்மோனியாவின் பிடிவாதம்

குடியானவருடைய பையை நேரே தொடுவது அம்மோனியாவே. 45 கிலோ யூரியா மூட்டையில் நைட்ரஜன் 20 கிலோவுக்குச் சற்று மேல். அதை நிற்கும் தண்ணீரில் தூவினால் சில நாட்களுக்குள் அம்மோனியாவாக மாறத் தொடங்குகிறது. தண்ணீரில் உள்ள பாசி பகலில் கரியமிலவாயுவை உறிஞ்சிவிடுவதால், பிற்பகலில் தண்ணீரின் காரத்தன்மை ஏறுகிறது. அப்பொழுது அம்மோனியா காற்றில் பறப்பது அதிகமாகிறது. வெயிலும் காற்றும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை.

இவ்வாயுவை அளப்பது மற்றெல்லாவற்றிலும் கடினமாயிருந்தது. அம்மோனியா தண்ணீரை விரும்புவது; குழாயின் உட்புறத்தில் உள்ள ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். காற்றை குழாய்வழியே உறிஞ்சிக் கருவிக்குள் கொண்டுபோனால் பாதி வழியிலேயே தங்கிவிட்டு, பிறகு மெல்ல மெல்ல விடுபட்டு, காலையில் வந்த வாயுவை மாலையில் காட்டும். குழாயைச் சூடாக்கியும் வேறு மேற்பூச்சுப் பூசியும் இதை ஒருவாறு சமாளித்தார்கள். திறந்த வெளியிலேயே ஒளியை ஓடவிடும் லேசர் முறையில் குழாயே கிடையாது. ஆகவே ஒட்டிக்கொள்ள இடமும் கிடையாது. இப்பொழுது எந்த மணி நேரத்தில் எவ்வளவு பறக்கிறது என்று பார்க்க முடிகிறது. யூரியாவைச் சேற்றினுள் ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்தால் இழப்பு வெகுவாகக் குறையும் என்று பழைய பரிசோதனைகளால் ஏற்கெனவே தெரியும். லேசர் அதைப் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில், எத்தனை நாள் வரை இழப்பு நடக்கிறது என்பதைச் சொல்லவே அது உதவுகிறது.

மாட்டுத் தொழுவத்தில்

பசு அசைபோடும் முதல் வயிற்றில் தோன்றும் மீத்தேன் ஏப்பமாக வாய்வழியேதான் பெரும்பாலும் வெளிவருகிறது. தீவனத்திலுள்ள மொத்தச் சக்தியில் நூற்றுக்கு 2 முதல் 12 வரை இவ்வாறு போய்விடும் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். பாலாகவோ தசையாகவோ ஆகியிருக்க வேண்டியது காற்றில் கலக்கிறது. முன்பு இதை அளக்க மாட்டை ஓர் அறையில் அடைத்து, உள்ளே போகும் காற்றையும் வெளிவரும் காற்றையும் பார்ப்பார்கள்.

நகரங்களில் எரிவாயுக் குழாய் கசிவைக் கண்டுபிடிக்க, 1.65 மைக்ரான் லேசர் உள்ள கையடக்கமான கருவி ஒன்று வழங்கிவந்தது. ஸ்காட்லாந்தில் அதைப் பசுவின் மூக்குக்கு நேரே சில அடி தூரத்திலிருந்து பிடித்து மீத்தேனை அளக்கலாம் என்று சோதித்து 2009-ல் வெளியிட்டார்கள். மாடு மிரளுவதில்லை, தீனி தின்றபடியே நிற்கிறது. மூச்சு விடும்போது ஒரு சிறு ஏற்றமும், ஏப்பம் வரும்போது பெரிய ஏற்றமும் தெரிகின்றன. ஆனால் இக்கருவி காட்டும் எண்ணைப் படிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. அது வாயுவின் பங்கையும் தூரத்தையும் பெருக்கிய தொகை. 100 என்று காட்டினால், ஒரு மீட்டரில் பத்து லக்ஷத்துக்கு 100 பங்கும் இருக்கலாம். நூறு மீட்டரில் ஒவ்வொரு பங்கும் இருக்கலாம். சும்மா காற்றிலேயே இரண்டு மீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய நான்கு காட்டும். நிற்கும் தூரத்தைக் குறிக்காமல் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போவது வீண்வேலை. ஒரு மாட்டின் ஒரு நாளைய அளவைக் கருவி நேரே சொல்லாது. ஒரே மந்தையில் எது அதிகம், எது குறைவு, எந்தத் தீவனத்தால் மாறுகிறது என்று ஒப்பிடவே தகுதியானது.

பெரிய மந்தைகளுக்கு வேறு வழி உண்டு. அமெரிக்காவில் கான்சாஸ் மாகாணத்தில் மாடுகளைக் கொழுக்கவைக்கும் பட்டி ஒன்றின் இருபுறமும், அதாவது காற்று வரும் பக்கத்திலும் போகும் பக்கத்திலும், சீப்பின் பற்களைப்போல் ஒழுங்கான இடைவெளியில் ஆயிரக்கணக்கான அலைநீளங்களை ஒருங்கே விடும் லேசர் ஒளியை ஓட்டி, அம்மோனியா, மீத்தேன், கரியமிலவாயு, நீராவி ஆகியவற்றைச் சேர்த்தே அளந்திருக்கிறார்கள். இதன் முடிவுகள் 2021-ல் வெளிவந்தன. இந்தச் சீப்பொளிக்கு அடிகோலிய ஜான் ஹால், தியோடோர் ஹென்ஷ் இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்திருந்தது.

சாண எரிவாயு வைத்திருப்போர் ஒரு சந்தேகம் கேட்கக்கூடும்: குழாய்க் கசிவை அறிய இக்கருவி வேண்டுமா என்று. வேண்டியதில்லை. மூட்டுகளில் சோப்புத் தண்ணீரைத் தடவினால் குமிழி வரும்; அதுவே போதும். எருக்குழியிலும் மூடிய கிணற்றிலும் இறங்குவதற்கு முன் எந்தக் கருவி எதைக் காட்டினாலும், மேலே கயிற்றைப் பிடித்து ஆள் நில்லாமல் இறங்கலாகாது. மீத்தேனைக் காட்டும் லேசர் கந்தக ஹைட்ரஜனைக் காட்டாது. உயிரை வாங்குவது பெரும்பாலும் பின்னதே.

கருவியின் குறைகள்

வெயிலில் வயற்காற்று சூடேறி விரியும்போது, ஒரு கன அடியில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை தானே குறையும். வாயு குறைந்ததாகக் கருவி காட்டும். நீராவி மிகுந்தாலும் அப்படியே. இதற்கான திருத்தக் கணக்கை வெப், பியர்மன், லூனிங் என்னும் மூவர் 1980-ல் வகுத்தார்கள். திறந்த வெளிக் கருவிகளில் இத்திருத்தம் சில வேளைகளில் அளவைவிடப் பெரிதாகவே இருக்கும். மழை பெய்யும்போது அளவு கிடைக்காது. விடியற்காலைப் பனி கண்ணாடியில் படியும்; சிலந்தி வலை கட்டும்; பறவைகள் கம்பத்தை விரும்பி வந்து உட்காரும். தெரிந்த அளவுள்ள வாயுவைப் புட்டியிலிருந்து செலுத்திக் கருவியை அடிக்கடி சரிபார்க்க வேண்டும். விலையோ, கம்பமும் கருவிகளும் சேர்ந்து ஒரு குடியானவர் நினைக்கக்கூடியதன்று. ஒரு கிராமம் சேர்ந்து வாங்கக்கூடியதுமன்று. சில ஆராய்ச்சி வயல்களில் அளந்து, அவ்வளவைக்கொண்டு கணக்கு முறைகளைத் திருத்தி, மற்ற வயல்களுக்குக் கணக்காகவே பொருத்துவதுதான் நடைமுறை.

காசு விஷயம் இங்கேதான் குறுக்கிடுகிறது. மீத்தேனைக் குறைத்தால் பணம் என்று ஒப்பந்தம் பேச வருவோர், பெரும்பாலும் அந்த வயலில் எதையும் அளப்பதில்லை. முன்சொன்ன 71, 55 போன்ற எண்களைப் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள். களிமண் வயலும் மணற்பாங்கான வயலும், வைக்கோல் மிதித்த வயலும் மிதிக்காத வயலும் உண்மையில் ஒன்றாகா. கையெழுத்திடுமுன் விவசாயி சில கேள்விகளைக் கேட்க வேண்டும். அளவு வயலில் எடுக்கப்படுமா, கணக்கால் மட்டுமா? அளவானால், எத்தனை நாட்கள், எந்த வேளைகளில்? நீர் வடித்த நாட்கள் அதில் சேருமா? நைட்ரஸ் ஆக்ஸைடு கழிக்கப்படுமா? பிறர் எடுத்த அளவு குறைவாக வந்தால் முன்பு கொடுத்த பணம் திரும்பக் கேட்கப்படுமா? கையில் ஒரு கருவியோடு வந்து ஒரு நாள் முற்பகல் பதினோரு மணிக்கு ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு போவோரிடம், அன்றைய காற்றின் வேகத்தையும் நின்ற தூரத்தையும் குறித்தார்களா என்று கேட்பதில் தவறில்லை.

எந்த முறையில் கணக்கிட்டாலும் கேட்கப்படும் சான்று ஒன்றே: வயலில் தண்ணீர் நின்ற நாளும் வடிந்த நாளும். துளைக்குழாயில் நீர்மட்டத்தை நாள்தோறும் பார்த்து, ஒரு நோட்டில் தேதியோடு சென்டிமீட்டரில் எழுதி, உரம் இட்ட நாளையும் வைக்கோல் அல்லது தழை மடக்கிய நாளையும் அதே பக்கத்தில் குறித்துவைப்பது நலம். குழாய் வரப்புக்கு அருகே, ஆனால் வரப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, வயலின் சராசரி மட்டம் உள்ள இடத்தில் புதைக்கப்பட வேண்டும். பள்ளத்தில் புதைத்தால் தண்ணீர் எப்பொழுதும் இருப்பதாகவும், மேட்டில் புதைத்தால் எப்பொழுதும் காய்ந்திருப்பதாகவும் தோன்றும்.